பல்செட்டில் விளைந்த உப்பு

சிங்காரத்தின் பற்களைப் பற்றி மரக்காணத்தில் கதைகள் உண்டு. அவர் நண்டுக் கொடுக்கைக் கடித்தால் பெருமுக்கல் மலைக் குரங்குகள் இடி இடிக்கிறதென்று ஓடி ஒளியுமாம். உப்பு மூட்டை தைக்கிற சணலைப் பல்லாலேயே அறுப்பாராம். கத்தி வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டு அதை இடுப்பில் சொருகிக்கொள்வார்களாம். இதில் பாதியாவது உண்மை.

அவருக்கு வாக்கப்பட்ட தெய்வநாயகி அந்தப் பற்களை வேறுவிதமாக அறிவாள். நாற்பது வருஷமாக அவள் வைத்த குழம்பை அவை மெல்லும். மென்றதும் அவர் ஒரு குறை சொல்வார். உறைப்பு இல்லை, புளி தூக்கல். அவளும் விடமாட்டாள். காலையில் இருவரும் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும்போது வழியெல்லாம் நேற்றைய குழம்பின் விசாரணைதான். அவர் பாத்தியில் உப்பு வாருவார். இவள் கூடையில் சுமப்பாள். வாய் மட்டும் ஓயாது.

பற்கள் போய்ப் பல்செட் வந்தது. கழற்றினால் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார்கள். தெய்வநாயகி அளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றினாள். உப்பைவிடச் சுத்தமான பொருள் உண்டா? கொஞ்ச நாளில் சிங்காரம் பல்செட்டைத் தொடமாட்டேன் என்றார். அதன்பிறகும் ஜன்னலோரக் கிண்ணத்தில் தண்ணீர் வற்ற வற்ற அவள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

சோற்றை மிக்சியில் அடித்து ஊட்டினாள். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. குறையும் நின்றது. ‘ஒருவழியாக ஜெயித்தேன்’ என்றுகூட நினைத்தாள். ஒரு வருஷம் போவதற்குள் மற்றப் பேச்சும் குறைந்தது, ஞாபகமும் நின்றுபோனது. டீக்கடையில் தன் வீட்டுக்கு வழி கேட்டார். வீட்டுக்குள் நின்றுகொண்டு, "இது யாரு வூடு?" என்றார். அவர் வெளியே போய்விடாமல் இருக்க அவள் கதவில் முதுகை வைத்துப் படுத்தாள். அளத்து வேலையை விட்டாள். அவள் உடம்பில் எலும்புகள் மட்டும் நடமாடுவதுபோல் இருந்தது.

சென்னையிலிருந்து மகன் அரவிந்தன் போன் செய்தான். "அம்மா, அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம வர்றேன். அப்பாவுக்கு ஒரு முதியோர் ஹோம்ல பேசிட்டேன். நீயும் படுத்துட்டா யாரு பாக்குறது?"

வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வாரம் எதையோ நினைத்துப் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்ட சிங்காரம் ஈறு வலியில் அனத்தினார். பல்செட்டைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு அவரைப் பல் முகாமுக்கு அழைத்துப்போனாள். டாக்டர் ஷாலினி கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பல்செட் முழுக்க உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அம்மா, இது பல்செட்டா, உப்பளமா?"

வரிசையே சிரித்தது. தெய்வநாயகிக்குச் சிரிக்கவும் முடியவில்லை. அந்த உப்புத்தான் ஈறை அறுத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"இதாலதான் மறதி வந்துச்சா, டாக்டரம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. மெல்லாம, பேசாம வாய் சும்மா கெடக்குறவங்களுக்கு மறதியும் அதிகமா இருக்குதுன்னு பாத்திருக்காங்க. எது எத இழுத்துட்டு வருதுன்னு இன்னும் சரியா தெரியல. போனது திரும்பும்னு சொல்லமாட்டேன். ஆனா அரைச்சு ஊத்தாதீங்க. சின்னச் சின்னதா, மெதுவா மெல்ல விடுங்க. கூட உக்காந்து பேசுங்க."

டாக்டர் பல்செட்டைக் கழுவி, ஈறு ஆறியதும் உள்பக்கம் இறுக்கிக் கொடுத்தாள். அது பாரமில்லை. ‘கூட உக்காந்து’ என்பதுதான் பாரமான மருந்து. ஐந்து நிமிஷச் சோறு இப்போது ஒரு மணிநேரம் ஆனது. பாத்திரம் கழுவாமல் கிடந்தது. தெய்வநாயகிக்கு இடுப்பு விட்டுப்போனது.

அரவிந்தன் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம் முள் எடுத்த மீனும் குழைந்த சோறும் வைத்தாள். சிங்காரம் மென்றார். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினார். தொண்டையில் சிக்கியதோ என்று பதறினாள்.

"என்னாடி இது? மரக்காணத்துல உப்புக்குப் பஞ்சமா?"

ஒரு வருஷமாகப் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி நாள் கழிச்சு வாயத் தொறந்ததும் குறையாய்யா?" என்றாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ எந்த ஊருப் பொண்ணும்மா?"

"பெருமுக்கல்."

"அதான். அந்த ஊர்ல கொழம்பு வெக்கத் தெரியாது."

போன் அடித்தது. அரவிந்தன். காலையில் கிளம்புவதாகச் சொன்னான்.

"வாப்பா. சாப்ட்டுட்டுப் போ. அப்பாவ அனுப்பல."

"உன்னால முடியுமாம்மா?"

"முடியலதான்" என்று சொல்லி போனை வைத்தாள்.

இன்னும் பாதித் தட்டு மிச்சம் இருந்தது. முழங்காலில் கையூன்றி, உப்பு ஜாடியை எடுக்க எழுந்தாள்.