ஜப்பான் வாக்மேனில் நம்மூர் எஃப்.எம்.

மகளுக்குக் கல்யாணமான வருஷம் மாப்பிள்ளை ஜப்பான் போய்வந்தார். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் இஞ்சினியர், பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கென்று ரேடியோவும் சேர்ந்த வாக்மேன் ஒன்று வாங்கி மகளிடம் கொடுத்தனுப்பினார். காங்கேயத்தில் எண்ணெய் மில்லின் தேங்காய்ப் பருப்பு காயும் களத்தில் பகல் முழுக்கக் காக்காய் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அது பெரிய பொருள். கொடைக்கானல் மலையிலிருந்து எஃப்.எம். வரத் தொடங்கியிருந்த சமயம் வேறு. டீக்கடை, சலூன் எங்கும் அதுதான்.

கேசட் போட்டால் நன்றாகப் பாடியது. ரேடியோ பக்கம் தள்ளினால் கொய்யென்று இரைச்சல். சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகியும் அதே கொய். மேலே எழுதியிருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. அஞ்சாவது படித்த எனக்கும் காலேஜ் படித்த மகளுக்கும் அந்த எழுத்து ஒன்றுதான்.

அந்த வாரமே மில் ஆபீஸ் போனில் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

“மாமா, ரேடியோ எடுக்குதுங்களா?”

“அருமையா எடுக்குதுங்க மாப்ள.”

மாப்பிள்ளை கொடுத்த பொருளைக் குறை சொல்ல எங்கள் பக்கம் நாக்கு வராது. அதிலும் நான் அவரோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியிராதவன். அதன்பின் போன் வரும்போதெல்லாம் அவர் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். ஆடி நோம்பிப் பண்டிகைக்கு வருவதாக அவர் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. வந்தவர் கையில் எடுத்துத் திருகினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

“அந்தக் கொய்யுங்கறதைத்தான் அருமையா எடுக்குதுன்னீங்களாக்கும்? மாப்ள வந்ததும் ஆளுக்கொரு காதுல வெச்சுக் கேளுங்க” என்று வீட்டுக்காரி சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரிப்பேரெல்லாம் இல்லீங்க. இது ஜப்பான்காரனுக்குச் செஞ்சது. அவிய ஸ்டேஷனெல்லாம் முடியற எடத்துலதான் நம்முளது தொடங்குது. எத்தனை திருகுனாலும் அங்க போய்ச் சேராது.”

“மாத்த முடியுங்களா?”

“உள்ளே செம்புக்கம்பிச் சுருளு ஒண்ணு இருக்குது. துளி விரிச்சுவிட்டா மேல ஏறும். ஒடிஞ்சுபோச்சுன்னா ரேடியோவே போச்சு. அப்பறம் என்னையச் சொல்லப்படாதுங்க.”

மாப்பிள்ளை கொடுத்ததை அடுத்தவர் கையில் கொடுத்து உடைத்தேன் என்றால் அது இன்னும் மோசம். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். அவர் திருகாணிகளைக் கழற்றி, ஊசியை உள்ளே விட்டார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. தாராபுரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் கொய்யென்ற சத்தம் நெளிந்தது, அறுந்தது. பிறகு ஒரு பெண் சுத்தமான தமிழில் வணக்கம் சொன்னாள்.

“முள்ளு மட்டும் தப்பாக் காட்டுமுங்க. மேல இருக்கற நம்பரு அவிய கணக்கு” என்றார் கடைக்காரர். அது யாருக்கு வேண்டும்!

நோம்பியன்று மாப்பிள்ளை வந்ததும் அதைத்தான் தேடினார். காதில் மாட்டித் திருகினார். முகம் ஒரு மாதிரி ஆனது. முள்ளையே உற்றுப் பார்த்தார்.

“மாமா, ஸ்டேஷன்ல நூறுங்கறாங்க. முள்ளு எம்பத்திமூணுல நிக்குதுங்களே?”

இனி மறைக்க வழியில்லை.

“கடையில குடுத்துக் கம்பியக் கொஞ்சம் விரிச்சுபோட்டேனுங்க மாப்ள. தப்பா நெனச்சுக்கப்படாது.”

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

“அந்த ஊரு ரேடியோ இங்க எடுக்காதுன்னு வந்த அடுத்த நாளே ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க மாமா. நீங்க எப்பக் கேட்டாலும் அருமையா எடுக்குதுங்கறீங்க. மரியாதைக்குச் சொல்றீங்கன்னு தெரியாதுங்களா எனக்கு? ஒடைச்சுப் பேசவும் கூச்சம். இன்னிக்கு எப்படி உங்க மூஞ்சியப் பாக்கறதுன்னு பஸ்ஸுல வழியெல்லாம் அதே ரோசனை.”

சமையல்கட்டிலிருந்து வீட்டுக்காரி கேட்டாள்: “ஜோசியரு பொருத்தம் பாத்தது புள்ளைக்கா, உங்க ரெண்டு பேருக்குமா?”

அதுவரை மாப்பிள்ளை வந்தால் பந்தி பரிமாறுகிற சாக்கில் நின்றுகொண்டே இருப்பேன். அன்றைக்கு அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இனிப்புக் கச்சாயம் இன்னொன்று கேட்டும் வாங்கிக்கொண்டேன்.