சாமி டைல்ஸ் ஒட்டின சுவரு

கொரட்டூர்ல எங்க ஊடு தெருமுனையில கீது. முனை ஊடுன்னா யோகம்னு சொல்லித்தான் புரோக்கர் தலையில கட்டினான். இன்னா யோகம்? மொத்தத் தெருவும் குப்பையை எங்க காம்பவுண்டு சுவத்தோரம்தான் கொட்டும். காலையில குப்பை வண்டி வாசலுக்கே வந்து விசில் ஊதுது. அப்ப ஒருத்தர் எட்டிப் பார்க்க மாட்டாங்க. வண்டி போனப்புறம் கவரை முடிச்சுப் போட்டு எடுத்துகினு வந்து, நடந்துகினே வீசிட்டுப் போவாங்க.

குவிஞ்சதும் யாராவது கொளுத்துவாங்க. அந்தப் புகை நேரா எங்க படுக்கற ரூமுக்குள்ள வரும். என் பொண்டாட்டிக்கு வீசிங். புகை பட்டாப் போதும், நெஞ்சைப் பிடிச்சுகினு உக்காந்துடுவா. புகைப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. எங்க நாங்க போறோம்? அதுதானே வருது.

கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். எதிர் ஊட்டுப் பெரியவர், "உன் ஊட்டுக்குள்ளயா போட்டேன்?"னு கேட்டாரு. போர்டு எழுதி மாட்டினேன். மறுநாள் அந்த போர்டுலயே ஒரு கவர் தொங்குச்சு.

பாடியில நான் வேலை செய்யற கம்பெனியில கூட கீறவன்தான், சாமி டைல்ஸ் ஒட்டு மாமே, ஒரு பய கிட்ட வர மாட்டான்னான். பிள்ளையார், முருகன், மாதா, மசூதின்னு ஒண்ணையும் விடாம ஒட்டினேன். நெஜமாவே குப்பை நின்னுடுச்சு. மத்தியானத்துல ஜன்னலைத் திறந்து வெச்சுகினு அவ தூங்கினா. அவளுக்கு மூச்சு சத்தமில்லாம வர்றதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் ஒருநாள், கண்ணாடி உடைஞ்ச பெருமாள் படம் ஒண்ணு சுவத்துல சாஞ்சுகினு இருந்தது. சாமி படத்தைக் குப்பையில போடக் கூடாது இல்லியா, அதான் சாமி கீற எடத்துல பயபக்தியா வெச்சுட்டுப் போயிருக்காங்க. அடுத்து காஞ்ச மாலை, பிளாஸ்டிக் மாலை, கை ஒடைஞ்ச கொலு பொம்மைன்னு சேர்ந்துகினே போச்சு. குப்பை வண்டிக்கார அம்மாவைக் கூப்பிட்டா, சாமியை எப்படிண்ணா குப்பையோட அள்றது, அந்தப் பாவம் எனக்கு வேணாம்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்களைச் சொல்லி இன்னா பண்றது?

சாமி மழையில ஊறிக் கெடக்கறதைப் பார்த்து எதிர் ஊட்டுப் பெரியவருக்கு மனசு கேக்கல. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் கூட்டிக் குவிச்சு, கற்பூரம் வெச்சுக் கொளுத்தினாரு. இப்ப வாராவாரம் அதான் வழக்கம். முன்னாடியாவது வாய் விட்டுத் திட்ட முடிஞ்சுது. இப்ப செருப்பைக் கழட்டிட்டு நின்னு கும்பிடறாங்க, யாரைத் திட்டறது? போன மாசம் அவளை ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினேன்.

நேத்து அவ ஊட்டை ஒழிச்சுகினு இருந்தா. போன வருஷத்து காலண்டர் அட்டை, அம்மன் படம் போட்டது, கையில கெடைச்சுது. முந்தானையால தொடைச்சா. எடுத்துகினு போய் அதே சுவத்துல மெதுவா சாச்சு வெச்சு, தொட்டுக் கண்ணுல ஒத்திகினா. நான் பார்த்துகினு நிக்கறது தெரிஞ்சதும், மூச்சு வாங்க, "வேற எங்க வெக்கறது, நீயே சொல்லுய்யா"ன்னா.

எனக்கும் வேற எடம் தெரியல. வர்ற வெள்ளிக்கிழமை அதுவும் சேர்ந்துதான் எரியும்.