வெனெத்தாவின் இரண்டாவது தொப்பி

பல்கேரியாவின் ரூசே நகரத்தில் தலைக்கு இவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. தொப்பிக்கு இவ்வளவு என்பார்கள். சேர்ந்து வேன் பிடித்தாலும் சரி, கல்யாணப் பரிசு வாங்கினாலும் சரி, தொப்பிக்குப் பத்து லெவா. அந்தக் காலத்து ஆட்டுத்தோல் தொப்பியை இப்போது தலையில் வைத்துக்கொண்டு போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் பணத்தைப் பிரிக்க உட்கார்ந்தால் எல்லோர் தலையிலும் அது வந்துவிடும்.

வெனெத்தா டிராலிபஸ் நடத்துனர். ஐம்பத்திரண்டு வயது. இரண்டாம் மாடியில் தனியாக இருந்தாள். அந்த எட்டு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் வாசல் வழியாக ஏறும் வீடுகளின் பொறுப்பை ஆறு வருடத்துக்கு முன் அவள் தலையில் கட்டினார்கள். பொறுப்பேற்ற அன்றே கதவில் ஒட்டியிருந்த தாளில் 'மாத வரி' என்றிருந்ததை அடித்துவிட்டு 'பங்கு' என்று எழுதினாள்.

"என்ன அக்கா, பேரை மாத்திட்டா காசு குறையுமா?" என்று கேட்டான் முதல் மாடி ரங்கெல்.

"வரின்னா கட்டிட்டு மறந்துடுவே. எங்க போச்சுன்னு உனக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. இது உன் தலைக்கு மேல எரியற பல்புடா. பியூஸ் போனா நீயே கேப்பே."

தொப்பிக்கு மாதம் இரண்டு லெவா. விளக்கு, துப்புரவு, லிப்ட் எல்லாம் அதற்குள். வாசல் வழியாக நடமாடும் நாய்க்கும் ஒரு தொப்பி உண்டு. ரங்கெலின் ஷாரோ பெயர் ஆறு வருடமாகப் பட்டியலில் இருந்தது. பணக்காரன் தொப்பியும் ஏழை தொப்பியும் ஒரே எடையா என்ற கேள்வி வெனெத்தாவைச் சில நாள் அரித்தது. பதில் கிடைக்கவில்லை. குறைந்தபட்சம் எண்ணிக்கையாவது பொய்யாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். கட்டடத்தில் எத்தனை உயிரோ, தாளில் அத்தனை தொப்பி.

அதனால்தான் ஏப்ரல் மாதம் சங்கடம் வந்தது. ஏழாம் மாடி நெடெல்ச்சோ லாரி ஓட்டுபவன். பட்டியலில் ஒரே தொப்பி. அவன் வண்டியோடு ருமேனியா பக்கம் போயிருந்த நாட்களிலும் லிப்ட் ஏழில் போய் நிற்பதை வெனெத்தா கவனித்தாள். மேலே போய்க் கதவைத் தட்டினாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு அம்மாள் திறந்தாள். நெடெல்ச்சோவின் தாய் மிங்கா. இடுப்பெலும்பு சிகிச்சைக்காக மகனிடம் வந்திருந்தாள்.

"ரெண்டு வாரம்னுதான் வந்தேன்மா. அதனால அவன் எழுதல. இப்போ போய் எழுதினா, இத்தனை நாள் ஏன் மறைச்சேன்னு கேப்பாங்க. நீ வாயைத் திறந்துடாதே. அவன் மானஸ்தன்."

வெனெத்தா வாக்குக் கொடுத்தாள். அந்த மாதப் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே ஒன்று என்றிருந்ததை இரண்டாக்கினாள். நான்கு லெவா கட்டினாள். டிராலிபஸ் டெப்போ வரை செய்தி போய்விட்டது: வெனெத்தாவுக்கு ஆள் கிடைத்துவிட்டானாம்.

செப்டம்பரில் லிப்ட் மோட்டார் எரிந்தது. பழுது பார்க்க நாலாயிரத்து எண்ணூறு லெவா. அன்றிலிருந்து மிங்கா தெருவில் இறங்கவில்லை. மருத்துவமனையில் நடைப்பயிற்சிக்குக் கொடுத்த நாட்கள் ஒவ்வொன்றாகத் தவறின. மகன் ஊரில் இல்லாத நாட்களில் வேலை முடிந்து வந்து ரொட்டியும் தயிரும் எடுத்துக்கொண்டு ஏழு மாடி ஏறினாள் வெனெத்தா. ஒருநாள் மிங்கா ஜன்னலை விட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "கால் மரத்துப் போகுதும்மா. குளிர்காலம் முழுக்க இப்படியே இருந்தா, அப்புறம் லிப்ட் வந்தும் எனக்குப் பிரயோஜனம் இல்ல."

அக்டோபரில் கூட்டம். குளிர்காலத்துக்குச் சேமிக்கப் பால்கனிகளில் குடைமிளகாய் சுடும் வாசனை கீழ்க்கூடம் வரை இறங்கியிருந்தது. ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரங்கெல் கதவிலிருந்து பட்டியலைக் கிழித்துக் கையில் வைத்திருந்தான்.

"வீட்டுக்கு முந்நூறு லெவா கேக்கறீங்க. மேல் மூணு மாடியில மொத்தம் எத்தனை தொப்பி? பதினொண்ணு. பதினொண்ணும் கல்லு மாதிரி ஆளுங்க. நேத்துகூட எட்டாம் மாடிக்காரன் மிளகாய் மூட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு விசில் அடிச்சுட்டே ஏறினான். வசந்தம் வரட்டும், பாத்துக்கலாம்."

எட்டாம் மாடிக்காரனே சிரித்துவிட்டான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். சுவரோரம் நின்ற நெடெல்ச்சோ தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பட்டியல் தப்பு. மேல பன்னண்டு," என்றாள் வெனெத்தா.

"நீ எழுதின பட்டியல்தானே அக்கா?"

"ஆமா. நான்தான் இடம் மாத்தி எழுதினேன். என் பேருக்கு நேரா ரெண்டு போட்டிருக்கேன் பாரு."

"அதான் ஊருக்கே தெரியுமே! மாப்பிள்ளை யாருக்கா? டிரைவரா, செக்கிங்கா?"

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை வெனெத்தா காத்திருந்தாள்.

"அந்தத் தொப்பி என் வீட்ல இல்ல. மேல இருக்கு. நடக்க முடியாத ஆளு. அஞ்சு வாரமா இறங்கல. பேர் கேக்காதீங்க, வாக்குக் குடுத்திருக்கேன். ஏழு மாசமா பங்கு நான் கட்டறேன். மோட்டார் மட்டும் என்னால தனியா கட்ட முடியாது."

ரங்கெலின் காலடியில் ஷாரோ வாலால் தரையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நெடெல்ச்சோ சுவரை விட்டு நகர்ந்தான். காது வரை சிவந்திருந்தது.

"அது எங்கம்மா," என்றான். "மிங்கான்னு பேரு. எழுதிக்கோங்க."

ரங்கெல் தாளைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். "அட பாவி! என் நாயைப் பட்டியல்ல ஏத்தினோம், உன் அம்மாவை விட்டுட்டோமே," என்று முதல் கையை அவனே தூக்கினான். எண்ணிப் பார்த்தபோது மூன்று வீடுகள் தவிர எல்லாக் கையும் மேலே இருந்தது.

மறுநாள் நெடெல்ச்சோ பதினான்கு லெவாவும் சுட்ட மிளகாய் ஒரு ஜாடியும் கொண்டுவந்தான். வெனெத்தா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். வேண்டாமென்று சொல்லியிருந்தால் அது தர்மமாகியிருக்கும். மிங்காவின் பங்காக இருந்திருக்காது. ஜாடியையும் விடவில்லை.

நவம்பர் முதல் வாரம் லிப்ட் ஓடியது. நீலப் பூப்போட்ட முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு மிங்கா கீழே வந்தாள். கதவருகே நின்று புதிய பட்டியலில் தன் பெயரை விரலால் தேடிப் பிடித்தாள். பிறகு வெனெத்தாவைக் கூப்பிட்டாள்.

"தொப்பிக்கு ரெண்டு லெவான்னு போட்டிருக்கே. நான் முக்காடுதானே கட்டியிருக்கேன்? பாதி போடு."

"ஷாரோ தலையில ஒண்ணுமே இல்ல. அவன் முழுசா கட்டறான்."

மிங்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே பையைத் துழாவி இரண்டு லெவாவை எடுத்து நீட்டினாள். ஆனால் நகரவில்லை.

"ரசீது?"

வெனெத்தா புத்தகத்தைச் சுவரில் வைத்து, முழுப் பெயரையும் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.