நாற்காலியை அளந்த பெண்

பத்தாவது வரை படித்த நான் இன்னொருவரைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் கப்பல் சுற்றுலாவுக்குப் பதிவு செய்து தருகிற பெண் அவர். ஒல்லியான உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை, கழுத்தில் தையல்காரர் போல ஓர் இஞ்ச் டேப். ஒவ்வொரு பதிலையும் கேட்டதும் பேனாவை மூடி, ஆளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திறந்து எழுதுவார்.

என் கணவர் கடலூரில் மீன்பிடித்தவர். முதுகில் அடிபட்டு ஐந்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். மறுபடி ஒருமுறை கடலுக்குப் போகவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்காகத்தான் அந்தப் பெண்ணிடம் பதிவு செய்யப் போனோம்.

"படி ஏறுவீங்களாண்ணே?"

"ஏறுவேன். போட்டுல கையாலயே தொத்தி ஏறுனவன் நான்."

நான் நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் பேனாவை மூடினார். எழுந்து வந்து நாற்காலியை அளந்தார்.

"ஏறுவேன்னு எழுதுனா சாதா ரூம் போட்ருவாங்க. அந்தக் கதவுல இது நொழையாது. போயி கட்டில்லயே கெடப்பீங்க, கடலப் பாக்க முடியாது. அகலக் கதவு ரூம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"நடக்க முடியாதவன்னு எழுதியா என்னக் கப்பல் ஏத்தப் போற?"

"ஆமாண்ணே. ஏத்துறதுக்குத்தான் எழுதணும்."

கணவர் நாற்காலியின் சக்கரத்தைக் கையால் தடவினார். பேனா மூடியே இருந்தது.

"எழுதிக்கம்மா."

'உங்களால முடியாது' என்று ஐந்து வருடமாக நான் சொல்லப் பயந்ததை, அந்தப் பெண்ணால் எப்படி அவரைச் சிறுமைப்படுத்தாமல் சொல்ல முடிந்தது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை, அந்த அறை எங்களுக்குக் கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது.