கண்டக்குழியில் பார்த்த கறுப்பு வெள்ளி

2012ஆம் ஆண்டு ஜூன் மாதம், வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்துபோன அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தில்லையடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. வெளிநாட்டிலிருக்கும் மச்சான் அனுப்பிய தொலைநோக்கியில் என் கமராவைப் பூட்டி அந்தக் காட்சியைப் படம் பிடிக்கப்போவதாக ஒரு மாதமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். காலை பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். தவறவிட்டால் அடுத்தது நூறு வருடத்துக்கு மேல்.

விடிந்து பார்த்தால் தில்லையடியில் ஒரே மேக மப்பு. கல்பிட்டிப் பக்கம் வானம் வெளித்திருக்கிறது என்று கூட்டாளி ஒருவர் போனில் சொன்னார். சாமான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்தேன். கண்டக்குழிக் கடற்கரைக்கு வந்து சேர ஒன்பது மணி தாண்டிவிட்டது.

சூரியனைப் பார்ப்பதென்றால், தொலைநோக்கியின் முன்வாயை வெளிச்சத்தை அடக்கும் ஒரு மெல்லிய தாளால் மூட வேண்டும். அது இல்லாமல் கண்ணை வைத்தால் ஒரு நொடியில் பார்வை போய்விடும். அந்தத் தாளை ஓர் அட்டை வளையத்தில் பொருத்தி வைத்திருந்தேன். கலியாண வீடுகளில் பிளாஷுக்குக் கலர்த் தாள் ஒட்டிப் பழகிய கை அல்லவா, வளையத்தைக் குழாயில் செலோடேப்பால் ஒட்டினேன். வீட்டு முற்றத்தில் ஒத்திகை பார்த்ததும் அப்படித்தான். கடற்கரையில் வீசியடிக்கும் கச்சான் காற்று முற்றத்தில் இல்லை என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

கரையேற்றிய படகின் நிழலில் ஒரு பெண் கிழிந்த வலையை ஊசியும் நூலுமாகப் பொத்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை மாலை. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். எழுந்து வந்து பார்த்து, எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல ‘நானா’ என்று கூப்பிட்டாள்.

“நானா, இந்தக் கச்சானுக்கு ஒட்டினது நிக்காது. நூலால கட்டித் தரட்டா?”

“இது வலை இல்ல தங்கச்சி. கைய வெக்காதீங்க,” என்றேன் வெடுக்கென்று.

மோட்டார் சைக்கிளடிக்குப் போய்க் கமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அட்டையின் இரண்டு பக்கமும் வலை ஊசியால் துளையிட்டு, குழாயின் திருகாணிவரை நைலோன் நூலை இழுத்து முடிந்திருக்கிறாள்.

“கட்டிப்போட்டன். படம் எடுத்துப்போட்டு ஏசுங்க.”

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அவிழ்க்க நேரமில்லை. கமராவைப் பூட்டி, வலது கண்ணை வைத்தேன்.

சுபுஹானல்லாஹ். நாளெல்லாம் நம்மைச் சுட்டெரிக்கும் சூரியன் ஒரு தட்டைப்போல அடங்கி நின்றது. அதன்மேல் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. ஏறக்குறைய நமது பூமியளவு பெரிய கோள் அது. மூச்சுவிடவே பயமாக இருந்தது. படம் எடுப்பதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான்கைந்து படம் எடுத்திருப்பேன். பெருங்காற்று ஒன்று அடித்தது. காதடியில் படபடவென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். ஒட்டியிருந்த டேப் அத்தனையும் கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வளையம் மட்டும் அசையாமல் நின்றது, அவள் கட்டிய நூலில். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். படம் எடுப்பவனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். “காட்டுங்க பாப்பம்,” என்று மட்டும் கேட்டாள். கமராத் திரையில் படத்தைக் காட்டினேன்.

“இதா வெள்ளி? எங்கட ஆக்கள் கடல்ல விடிய விடியப் பாத்துக்கொண்டு வாற வெள்ளியா?”

“ஓம், அதேதான்.”

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் புள்ளி சூரியனின் விளிம்பைத் தொட்டு, கொஞ்சங் கொஞ்சமாக வெளியேறி முடியும்வரை மாறி மாறித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான், படத்தை ஊருக்குக் காட்டும் அவசரத்தில், ஒரு நன்றியை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தப் படம் இன்றும் ஸ்டூடியோவில் பெரிதாகத் தொங்குகிறது. எடுத்தது யார் என்று கேட்பவர்களிடம் என் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அதைப் பார்க்க எனக்குக் கண்ணை மிச்சம் வைத்தவளின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்தவன் நான் என்ற நினைப்பு நெஞ்சில் தைக்கிறது.