வள்ளித்தாய் தூக்கி வந்த பிள்ளை

அந்த வட்டாரத்தில் நாலு பேருக்கு வள்ளித்தாயின் பெயர் தெரியும் என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு சாயங்காலம்தான். ஆறு வருஷத்துக்கு முந்தின மழையில், கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி வந்த பஸ் ஓடைத் தரைப்பாலத்தின் நடுவில் நின்றுபோனது. தண்ணீர் படிக்கட்டுக்கு மேல் ஏறிவிட்டது. யாரோ பெற்ற மூன்று வயதுப் பெண்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வள்ளித்தாய் மார்பளவுத் தண்ணீரில் நடந்து கரையேறினாள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நனைந்த பச்சைச் சேலை, கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை. அவள் பெட்டி அடைக்கிற தீப்பெட்டி ஆபீஸில் ஒரு விழா வைத்துச் சால்வை போர்த்தினார்கள்.

அதுவரைக்கும் அவள் ரோட்டைக் கடக்கக்கூடத் தங்கச்சி மாரிசெல்வியின் கையைத் தேடுகிறவள். மேஸ்திரி சத்தம் போட்டால் கை நடுங்கிக் குச்சியைச் சிதறவிடுவாள். வெள்ளத்துக்குப் பிறகு ஆள் மாறிப்போனாள். ஆபீஸில் காற்றாடி ஓடவில்லை என்று முதலாளியிடம் நேரே போய்ச் சொன்னது அவள்தான். மகளை வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று அவள் மாமியார் வீட்டில் சொன்னபோது தனியாகச் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறி, சம்பந்தியின் முன்னால் உட்கார்ந்து பேசிச் சம்மதம் வாங்கி வந்ததும் அவள்தான். எங்கே கால் பின்வாங்கினாலும், 'அந்தத் தண்ணிக்குள்ளயே எறங்குனவ நீ' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். புருஷன் சங்கரபாண்டிக்கே ஆச்சரியம். "இவ எப்பம் இப்படி ஆனா" என்று ஆட்டுக்காரக் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயப்பிரியா வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். உளவியலில் ஆராய்ச்சி செய்கிறவள். வெள்ளம் வடிந்த பதினைந்தாம் நாள் மாணவியாக வந்து, பஸ்ஸில் இருந்தவர்களிடம் நடந்ததை எழுதி வாங்கிப் போனவள் இவள்தான். இப்போது அதே ஆட்களை மறுபடியும் தேடி வந்திருக்கிறாள். மனுஷருக்குள் ஞாபகம் எப்படித் தங்குகிறது, தங்கின இடத்தில் என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய படிப்பு.

"அக்கா, மொதல்ல ஒரு சின்ன வெளையாட்டு" என்று பையிலிருந்து போனை எடுத்துப் பதிவுக்குப் போட்டுவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பத்து வார்த்தைகளைச் சொன்னாள். பாய், தலகாணி, கொட்டாவி, கனவு, போர்வை, குறட்டை, கட்டில், அசதி, தாலாட்டு, இருட்டு. பிறகு ஆட்டைப் பற்றி, மகளைப் பற்றி என்று கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசினாள்.

"இப்ப கேக்குதேன். நான் சொன்னதுல குறட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உளுந்து?"

"இல்ல."

"தூக்கம்?"

"இருந்துச்சே. அசதிக்குப் பெறவு சொன்னீங்க."

ஜெயப்பிரியா போனை ஓடவிட்டாள். அசதிக்குப் பிறகு தாலாட்டுதான் வந்தது. தூக்கம் எங்கேயும் வரவில்லை. வள்ளித்தாய் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். அப்போதும் இல்லை.

"என் காதுல விழுந்துச்சும்மா. உங்க சத்தத்துலயே கேட்டுச்சு" என்றாள்.

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா. எனக்கும்தான்" என்று ஜெயப்பிரியா சிரித்தாள். "சரி, இப்ப அந்தப் பஸ்ஸுல நடந்ததச் சொல்லுங்க."

வள்ளித்தாய் சொன்னாள். நூறு தரம் சொன்ன கதை, எங்கும் தட்டவில்லை. பிள்ளையின் அம்மா கிருஷ்ணப்ரியா ஏழு மாசக் கர்ப்பிணி. அவளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. டிரைவரும் கண்டக்டரும் கயிற்றைக் கட்டி அவளைப் பிடித்து இறக்கினார்கள். பிள்ளையை யார் வாங்குவது என்று எல்லோரும் முழித்தபோது, "இங்கன கொண்டாங்க" என்று தான் கையை நீட்டியது, முதல் அடியில் கால் சறுக்கியது, பிள்ளை கழுத்தை இறுக்கியது, ஒரு செருப்பு மிதந்து போனது எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெயப்பிரியா குறித்துக்கொண்டாள். பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இது அப்ப நீங்க உங்க கைப்பட எழுதுனது. பாக்குதீங்களா? வேண்டாம்னாலும் சரிதான்."

வள்ளித்தாய் எட்டாவது படித்தவள். தண்ணீருக்கு எப்போதும் இரண்டுசுழி 'ன'தான் போடுவாள். தாளிலும் அப்படியே இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'பிள்ளையை என் தங்கச்சி வாங்கிக்கொண்டு தன்னிக்குள் இறங்கினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு எல்லோரும் கரைக்கு வந்துவிட்டோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.'

கீழே அவளுடைய கையெழுத்து. தேதி.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"எழுத்து என்னுதுதான்" என்றாள். "ஆனா இப்படி நடக்கலம்மா."

"நெறைய பேரு இதத்தான் சொல்லுதாங்க."

"பெறவு நான் ஏன் இப்படி எழுதுனேன்?"

ஜெயப்பிரியா பேனாவை மூடி வைத்தாள். "ஞாபகத்த நாம பீரோவுல மடிச்சு வச்ச சேலை மாதிரி நெனச்சுக்கிடுதோம்க்கா. அப்படி இல்ல. ஒவ்வொரு தடவையும் சொல்லும்போது மனசு அதப் புதுசா உண்டாக்குது. அடுத்தவங்க சொன்னது, படத்துல பாத்தது, நாம ஆசைப்பட்டது எல்லாம் அதுல கலந்துரும். கலந்தது எதுன்னு நமக்கே தெரியாது. நீங்க பொய் சொல்லல."

"அப்பம் தாள்ல உள்ளதுதான் நெசமா?"

"சம்பவத்துக்குப் பக்கத்துல எழுதுனது, அதனால நெசத்துக்குப் பக்கத்துல இருக்கலாம். ஆனா பதினஞ்சு நாளும் கொஞ்ச நாள் இல்ல. என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

அவள் போன பிறகு வள்ளித்தாய் உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டு நின்றாள். கண்ணை மூடினால் பிள்ளையின் கை கழுத்தில் இறுகுவது தெரிந்தது. அதே நேரம், கம்பியைப் பிடித்து நின்றது என்று படித்தாளே, இப்போது அந்தக் கம்பியின் குளிர்ச்சியும் உள்ளங்கையில் தெரிவதுபோல இருந்தது. இது உண்மையிலேயே ஞாபகமா, அல்லது காலையில் வாசித்ததால் வந்ததா? தூக்கம் என்ற சத்தம் காதில் விழுந்ததே, அதுமாதிரியா?

சாப்பிட வந்த சங்கரபாண்டியிடம் கேட்டாள். "அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன்?"

"பிள்ளையத் தூக்குனேன்னு சொன்ன."

"அன்னைக்கேவா?"

சங்கரபாண்டி யோசித்தார். "அன்னைக்கு நான் ஆட்டோட மேட்டுக்காட்டுல மாட்டிக்கிட்டு மறுநா மதியம்லா வந்தேன். அதுக்குள்ள பேப்பர் வந்துட்டு. டீக்கடையில சொன்னாவ. நீ சொன்னியா அவிய சொன்னாவளான்னு இப்பக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அன்றைக்கு அதே பஸ்ஸில் கூட வந்த மாரிசெல்வி அடுத்த தெருவில் இருக்கிறாள். நூல் மில்லில் வேலை. வெள்ளத்தின் மறுநாளே அவளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுதி வாங்க வந்தவர்கள் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் ஊர் திரும்பியபோது படமும் சால்வையும் கதையும் ஊரில் நிலைத்துவிட்டிருந்தன.

"ஏட்டி, பிள்ளையத் தூக்குனது நீயாம்" என்று வள்ளித்தாய் ஆரம்பித்தாள்.

மாரிசெல்வி துணி காயப்போட்டுக்கொண்டே திரும்பினாள். "யாரு சொன்னா?"

"நானேதான். அப்பமே எழுதிக் குடுத்திருக்கேன்."

"ஏக்கா, ஒனக்கு என்ன கிறுக்கா? நீதான் தூக்குன. பச்சைச் சேலையில நீ முன்னால போற, நான் பின்னால வாரேன். என் கண்ணுக்குள்ள நிக்குது."

"எனக்கு எப்பமும் ஒன் கைதான் வேணும். நான் எப்படி முன்னால போவேன்?"

மாரிசெல்வி கிளிப்பைக் கையில் வைத்தபடி அக்காவைப் பார்த்தாள். "அத நான் யோசிக்கல" என்றாள். கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டு, "ஆனா தூக்குனது நீதான்" என்று மறுபடியும் சொன்னாள்.

வள்ளித்தாய்க்கு அழுகை வந்தது. தன்னிடம் இருப்பது தங்கச்சியுடையது என்றால் அதைக் கொடுத்துவிட அவளுக்குச் சம்மதம்தான். ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டியவளே என்னுடையது இல்லை என்கிறாள். தான் தூக்கவில்லை, தங்கச்சியும் தூக்கவில்லை என்றால் பிள்ளை எப்படிக் கரைக்கு வந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கழுகுமலைக்குப் போனாள். கிருஷ்ணப்ரியாவின் வீட்டுக்காரர் அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார். வருஷா வருஷம் பொங்கலுக்கு அவர்கள் வள்ளித்தாய்க்குச் சேலை கொண்டுவந்து தருவார்கள். பிள்ளை கனிஷ்காவுக்கு இப்போது ஒன்பது வயது. வள்ளித்தாய் சுற்றிவளைக்காமல் கேட்டாள். கிருஷ்ணப்ரியா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் தலைய நிமித்தவே இல்லக்கா. காலு வழுக்கிரக்கூடாதுன்னு தண்ணியவே பாத்துக்கிட்டு வந்தேன். கரையேறி நிமிந்து பாக்கும்போது பிள்ள உங்க கழுத்தக் கட்டிக்கிட்டு இருந்தா. அதான் தெரியும்."

"பஸ்ஸுல இருந்து வாங்குனது யாரு?"

"ஒரு பொம்பள கை வந்துச்சு. கண்ணாடி வளையல்." இரண்டு பேரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டிலும் கண்ணாடி வளையல்.

கனிஷ்கா நடுவில் புகுந்தாள். "எனக்கு ஞாபகம் இருக்கு. பச்சைச் சேலை ஆன்ட்டிதான் தூக்குனாங்க."

"அவ அப்பா போன்ல இருக்க போட்டோவப் பாத்துப் பாத்துச் சொல்லுதா" என்றாள் கிருஷ்ணப்ரியா. "மூணு வயசுல என்ன ஞாபகம் இருக்கும்?"

பிள்ளை முகம் சுருங்கியது. "இல்லம்மா, நெசம்மாவே இருக்கு" என்றாள். அவளைச் சந்தேகப்பட வள்ளித்தாய்க்கு மனசு வரவில்லை. இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டே வந்த மாரிசெல்வி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"கடிச்சுச்சுல்லா அந்தப் பிள்ள. தோள்ல."

வள்ளித்தாய் திரும்பினாள். "என்னது?"

"பயத்துல தோளக் கடிச்சுச்சுல்லா. பல்லுப் பதிஞ்சு கெடந்துச்சுன்னு."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதான் சொல்லியிருப்ப. வேற யாரு சொல்லுவா?"

தான் சொல்லும் கதையை வள்ளித்தாய் மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். சறுக்கல் இருந்தது. செருப்பு இருந்தது. கழுத்தை இறுக்கியது இருந்தது. கடி இல்லை. ஒருவேளை முதல் ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பிறகு விட்டுப்போயிருக்குமோ என்னவோ.

"எந்தத் தோளு?" என்றாள்.

மாரிசெல்வியின் வலது கை தன் இடது தோளுக்குப் போனது. பாதியில் நின்றது. "தெரியலக்கா" என்று கையை இறக்கிக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்று வள்ளித்தாய் ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டாள். கடியைப் பற்றிச் சொன்னாள். "இதயும் எழுதிக்கோங்க. ஆனா இதான் நெசம்னு எழுதிராதீங்க" என்றாள்.

"அப்படி எழுதல. சரிக்கா, இப்ப உங்களுக்கு எது நடந்ததாத் தோணுது?"

வள்ளித்தாய் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பிள்ள கழுத்தப் பிடிச்சது இப்பமும் தெரியுது. அது பொய்யில்ல. தண்ணிக்குள்ள மொதக் காலு வச்சது எப்படி இருந்துச்சுன்னு கேட்டா வாய் தன்னாலச் சொல்லுது. ஆனா காலுக்குத் தெரியல."

உள்ளேயிருந்து மேஸ்திரி குருசாமி, மணி ஆகிவிட்டது என்று சத்தம் போட்டார்.

"பேசிக்கிட்டு இருக்கம்லா, வாரேன்" என்று வள்ளித்தாய் திருப்பிச் சத்தம் போட்டுவிட்டு, நடுங்காத கையால் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.