கொல்ஃப் தடிக்கு அளவு கொடுத்த கதை

எனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்த வருடம், அனல் வீசும் கச்சான் காற்று தொடங்கிய ஒரு சனிக்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு வரும்படி அம்மா வேலைக்குப் போகும் வீட்டு நோனா அவளிடம் சொல்லியிருந்தார். எதற்கென்று கேட்டேன். சும்மா ஒரு அளவு பார்க்கத்தான் என்றாள் அம்மா. அளவு என்றால் எனக்குத் தெரிந்தது சட்டைக்கு எடுக்கும் அளவு ஒன்றுதான். நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்க, யாரோ எனக்குச் சட்டை தைக்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் அன்று காலை என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தலை இழுக்கும்போதும் ஆடிக்கொண்டே இருந்து மாமியிடம் சீப்பால் ஒரு குட்டு வாங்கினேன். மாமி என்றால் அப்பாவின் அக்கா. பாலையூற்றில் எங்களோடுதான் இருந்தார். என்னை வளர்த்தவரும் அவர்தான்.

அம்மா வளர்த்தது வேறொரு பிள்ளையை. துறைமுகத்தில் பெரிய எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரத் துரையின் மனைவியைத்தான் நாங்கள் நோனா என்போம். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியும் துறைமுகம் வெள்ளைக்காரரிடம்தான் இருந்தது. அப்பா அங்கே வேலைத்தளத்தில் இயந்திரம் பொருத்துகிற பிற்றராக இருந்தார். துரையின் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் தவழத் தொடங்குமுன்பே அம்மா உவர்மலையில் இருந்த அந்த வீட்டுக்கு ஆயாவாகப் போய்விட்டாள். அவனுக்கு முதலில் வந்த பாஷை தமிழ்தான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். குசினி வாசலில் குந்தியிருந்து மீன் சொதியும் சோறும் கேட்பானாம். அம்மா குழைத்துத் தீற்றினால்தான் வாய் திறப்பானாம். பொழுதுபட வீட்டுக்கு வந்தாலும் அவன் எங்கே விழுந்தான், என்ன சொன்னான் என்ற கதைதான். நான் விழுந்த கதையைச் சொல்ல வரும்போது அம்மாவுக்கு நித்திரை வந்துவிடும்.

ஐந்து வயதில் அவனை இங்கிலாந்துக்குப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மாவைத் தையலுக்கும் உடுப்பு மினுக்கவும் அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அவன் போனாலும் அவன் கதை மட்டும் எங்கள் வீட்டில் நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை உவர்மலைக்குப் போனபோது விறாந்தையில் அளவு நாடாவும் இல்லை, துணியும் இல்லை. நீளமான தோல் பையொன்று கதிரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் தடிகள். சிலவற்றுக்கு இரும்புத் தலை, சிலவற்றுக்கு மரத் தலை. சீனன்குடாப் பக்கம் புல்வெளியில் துரைமார் வெள்ளைப் பந்தை அடித்துவிட்டு அதன் பின்னால் நடந்து போவதை பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தடிகள்தான் இவை. நோனா ஒன்றை உருவி என் கையில் தந்தார். பின்னால் வந்து நின்று, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தடியைச் சுற்றி மடக்கி வைத்தார். அவருடைய கை குளிர்ந்திருந்தது. கச்சான் வீசுகிற நாளில் குளிர்ந்த கை இருந்த ஒரே ஆள் அவர்தான்.

தடி எனக்குப் பெரிதாக இருந்தது. பிடியின் நுனி வயிற்றில் குத்தியது. நோனா அதைப் பறித்துக்கொண்டு இன்னொன்றைத் தந்தார். அது பாரமாக இருந்தது. பிறகு உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். பிறகு முதலில் தந்ததையே திரும்பத் தந்தார். அவரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. விறாந்தையின் இந்தத் தலைப்பில் நின்று என்னைப் பார்ப்பார், பிறகு அந்தத் தலைப்புக்குப் போய்ப் பார்ப்பார், படியிறங்கி முற்றத்தில் நின்றும் பார்ப்பார். காற்றுக்கு உள்ளே கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன, யாரும் போய்ப் பூட்டவில்லை. அம்மா தூணோடு நின்று, நோனா கேட்பதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். பாரமா, பாரமில்லையா என்று கேட்கிறாவாம். எல்லாவற்றுக்கும் பாரமில்லை என்று சொன்னேன். பாரம் என்று சொன்னால் வாங்கி வைத்துவிடுவார்களோ என்ற பயம். என் மணிக்கட்டு நடுங்குவதைப் பார்த்து நோனா தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனோம், அதற்கடுத்ததும் போனோம். ஒரு தடவை துரை வெளியே வந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் காருக்குள் ஏறிப் போனபிறகும் நோனா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு நாள் நோனா என் தலையில் கையை வைத்து அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டி, தன் கையை என் தலைக்கு மேலே கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். நோனா அந்தக் கையைப் பிடித்து என் தலையளவுக்குக் கீழே இறக்கினார். அம்மா திரும்ப உயர்த்தினாள். எஜமானியோடு அம்மா வாதாடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் எவ்வளவு வளருவேன் என்பதில்தான் இருவருக்கும் சண்டை என்று நினைத்து, அம்மாவின் கையைத் தொடும்படியாக நுனிக்காலில் எழும்பி நின்றேன்.

எனக்குத்தான் தடி தரப் போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கொல்ஃப் என்றால் என்னவென்று கேட்டவர்களுக்குப் பூவரசங் கம்பை நோனா சொல்லித்தந்த மாதிரிப் பிடித்துக் காட்டினேன். வீட்டு வளவில் புன்னை மரம் ஒன்று நின்றது. அதன் காய்கள் உருண்டையாக, அந்த வெள்ளைப் பந்தளவுக்கே இருக்கும். பொழுதுபடும்வரை அவற்றை அடித்தேன். ஒன்று குசினிக் கூரையில் விழுந்தது, ஒன்று அடைக்கோழியில் பட்டு அது முட்டையை விட்டெழும்பி ஓடியது. பெண்பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தத் தடி விளையாட்டு என்று மாமி அம்மாவைக் கேட்டார். அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். அதை நான் எனக்குச் சார்பாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நோனா நான்கு தடிகளைத் தெரிந்தெடுத்தார். மரத் தலை ஒன்று, இரும்புத் தலை இரண்டு, பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற சின்னது ஒன்று. என்னை நிமிர்ந்து நிற்கவைத்து, ஒவ்வொன்றிலும் எங்கே வெட்ட வேண்டும் என்று வெண்கட்டியால் கோடு போட்டார். கோடு போட்டபிறகு அழித்தார், திரும்பப் போட்டார். வெட்டிவிட்டால் பிறகு ஒட்ட ஏலாது என்று அம்மா மெல்லச் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

வெட்டுகிற வேலை அப்பாவிடம் வந்தது. வேலைத்தளத்தில் வெட்டி, பிடிக்குத் தோல் சுற்றுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா கட்டை அவிழ்க்குமுன்பே நான் ஒன்றை எடுத்துவிட்டேன். என் கைக்கு, என் வயிற்றுக்கு, என் முழங்காலுக்கு அது அப்படிப் பொருந்தியது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"வை பிள்ளை அதை. அது உனக்கில்லை. சின்னத் துரைக்கு. லீவுக்கு வாறான்."

"அப்ப ஏன் என்னை அளந்தவை?"

"அவன் இஞ்ச இல்லைத்தானே. உன்ர வயசுதானே அவனுக்கும்."

அப்பா அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்து முகங்கள் எல்லாம் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. நான் அழவில்லை. சாப்பிடவும் இல்லை. வளவுக்குள் போய் இருட்டும்வரை சுற்றிச் சுற்றி நடந்தேன். அம்மா வந்து கூப்பிட்டாள், போகவில்லை. பிறந்ததிலிருந்து அம்மாவை அவனுக்குக் கொடுத்தாயிற்று. இப்போது என் உயரத்தையும் கொடுத்தாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, அந்தத் தடி அவனுக்கு அளவாக இருக்கக் கூடாது என்று உருக்கமாக மன்றாடினேன். அவன் குள்ளமாக வரவேண்டுமா நெட்டையாக வரவேண்டுமா என்பதை மாதாவின் விருப்பத்துக்கு விட்டுவிட்டேன்.

அவன் வருகிற கிழமை அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயறு வறுத்தாள், இடித்தாள், அரித்தாள். சர்க்கரைப் பாகு பதம் தவறிப்போனதென்று அதைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பக் காய்ச்சினாள். பயற்றம்பணியாரம் என்றால் அவன் பாய்ந்து விழுவான் என்றாள். அதில் ஒன்றைக்கூட எனக்குத் தரவில்லை. நத்தாருக்கு மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வரும் சேலையை அவனைப் பார்க்கப் போகிற அன்று உடுத்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் மாதா என்ன செய்திருக்கிறார் என்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவன் விறாந்தைப் படியில் நின்றான். நீளக் காலுறை, சப்பாத்து, மெலிந்து நீண்ட கழுத்து. என்னைவிட ஒரு தலைக்கு மேல் உயரமாக இருந்தான். அம்மா உயர்த்திக் காட்டிய கையையும் தாண்டி வளர்ந்திருந்தான். அம்மா படியின் கீழேயே நின்றுவிட்டாள். பிறகு, எங்களோடு ஒருநாளும் கதைக்காத ஒரு குரலில், மெல்லக் கேட்டாள்.

"ராசா, ஆயாவைத் தெரியுதா?"

அவன் விளங்காமல் திரும்பித் தன் தாயைப் பார்த்தான். நோனா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சொல்லும்போது அம்மாவைப் பார்க்காமல் துறைமுகத்தைப் பார்த்தார். அவன் படியிறங்கி வந்து, கையை நீட்டி, அம்மாவின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆங்கிலத்தில் நலம் கேட்டான். அம்மா மற்றக் கையில் பணியாரப் பொட்டலத்தை வைத்திருந்தாள். அதைக் கொடுப்பதற்கிடையில் அவன் திரும்பிப் போய்விட்டான்.

நோனா தடிகளைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். அவன் பிடித்தான். வயலில் அரிவு வெட்டுகிற ஆள் மாதிரிக் குனிய வேண்டியிருந்தது. கையை மாற்றிப் பிடித்தான், அப்போதும் அப்படித்தான். இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் எட்டவில்லை. துரை சிரித்தார், அவனும் சிரித்தான். நோனா சிரிக்கவில்லை. தடியை வாங்கி, அப்பா தோல் சுற்றியிருந்த நுனியைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு கதவு சாத்துப்பட்டது. நாங்கள் நின்ற நேரம் முழுவதும் அது திறக்கவில்லை.

துரை அவனிடம் ஏதோ சொல்ல, அவன் நான்கு தடிகளையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்து என்னிடம் தந்தான். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. மாதாவை இவ்வளவு வேகமானவராக நான் நினைத்திருக்கவில்லை. நன்றி சொல்லு என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன், அவள் சொல்லவில்லை. நானாகவே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசலைக் கடந்து ஓடினேன். மனம் மாறித் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மலையிறக்கம் முழுவதும் ஓடினேன். தடிகள் ஒன்றோடொன்று முட்டிக் கலகலத்தன.

கீழே கடலோரம் வந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அம்மா நெடுநேரம் கழித்து வந்தாள். வந்தவள் நடக்காமல், அந்த நல்ல சேலையோடு, ஓரத்துக் கல்லொன்றில் இருந்துவிட்டாள். பொட்டலம் மடியில் கிடந்தது. அழுதாள். நான் பக்கத்தில் போய், அவர்களே தந்ததுதான், இனிக் கேட்கமாட்டார்கள், பயப்படாதே என்று ஆறுதல் சொன்னேன். அம்மா பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். ஒன்றுமே குறையாமல் எல்லாம் அப்படியே இருந்தன. முழுவதும் எனக்கா என்று கேட்டேன். தலையாட்டினாள். ஒரே நாளில் இத்தனை அதிர்ஷ்டம் வருமா என்றிருந்தது. ஒன்றை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, அங்கே நின்ற புன்னை மரத்தடியில் விழுந்து கிடந்த காய்களைப் பொறுக்கி வைத்து அடிக்கத் தொடங்கினேன். ஒன்று தண்ணீரைத் தொட்டது. அடுத்தது அதையும் தாண்டி, கட்டியிருந்த தோணிக்கு அப்பால் விழுந்தது. அம்மா பார், அம்மா பார் என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினேன். அவள் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். தடியோடு போனேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய விஷயம் கேட்பவள் மாதிரிக் கேட்டாள்.

"பிள்ளை, நான் கதைக்கிறது உனக்கு விளங்குதுதானே?"

தடியைக் கவனமாக வைத்திருக்கச் சொல்கிறாள், அல்லது இனி வீட்டுக் கோழிக்கு அடிக்காதே என்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு அந்தக் கைகளிலிருந்து விடுபட்டால் போதும் என்றிருந்தது. இன்னும் நிறையக் காய்கள் கிடந்தன.

"ஓம் அம்மா, எல்லாம் விளங்குது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.